சங்கடப்படலையும் கார் டிக்கியும்

மணிமேகலையில் எனக்கு மனம் ஒட்டாத ஒருவன் உண்டென்றால் அது இந்திரன்தான். மதுரையில் பஞ்சம். ஆபுத்திரன் கையில் அமுதசுரபி. அள்ள அள்ளக் குறையாமல் சோறு போய்க்கொண்டிருக்கிறது. வரம் தருகிறேன் என்று வேடமிட்டு வந்து நின்ற இந்திரனைப் பார்த்து அவன் சிரித்துவிடுகிறான். பசித்தவன் முகம் மலர்வதைக் காட்டிலும் உன் உலகத்தில் என்ன பெரிதாக இருக்கிறது என்பது அந்தச் சிரிப்பின் பொருள். இந்திரனுக்குக் கோபம் வந்துவிட்டது. வச்சிரத்தை எடுத்து எறியவில்லை, மழையைப் பெய்யவைத்தான். வயல் விளைந்தது, பசி போனது, பாத்திரத்தோடு ஊர் ஊராகத் திரிந்து “சாப்பிட ஆர் இருக்கிறீர்கள்?” என்று கேட்டவனை ஊர் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தது.

வகுப்பில் இந்த இடம் வரும்போது பிள்ளைகள் குழம்புவார்கள். “மழை பெய்தது நல்லதுதானே ரீச்சர்?” நல்லதுதான். ஆனால் வாங்க ஆளில்லாமல் போவதுதான் கொடுக்கிறவனுக்குக் கிடைக்கக்கூடிய ஆகப்பெரிய தண்டனை என்று இந்திரனுக்குத் தெரிந்திருக்கிறது. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறிய ஆபுத்திரன், வழியில் மணிபல்லவத்தில் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. கையில் வற்றாத பாத்திரம். கோமுகிப் பொய்கையில் அதை விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிரை விடுகிறான். அந்த மணிபல்லவம் யாழ்ப்பாணத்து நயினாதீவுதான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நாகபூசணி அம்மன் கோயில் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர். தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பொன்தான் எனக்கும் ஊர் என்பதால், ஒரு கத்தோலிக்கப் பெண் பௌத்த காப்பியம் ஒன்றில் மனத்தைப் பறிகொடுப்பதை இங்கே ஒருவரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

அவன் ஏன் அந்தச் சோற்றைத் தானே உண்ணவில்லை? பாத்திரம் அவனுக்கும் சோறு போட்டிருக்கும். கொடுப்பது என்றால் என்ன என்ற கேள்வியே இங்கிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்குப் படுகிறது. அந்தக் கேள்வியைப் போயும் போயும் கனடாவில் ஒரு தேவாலயத்து வாகனத் தரிப்பிடத்தில், கார் டிக்கிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு யோசிக்க வேண்டி வந்தது.

மகள் ஸ்காபரோவில் இருக்கிறாள். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு என்று எங்கள் தீவுகளின் பாதி ரொறன்ரோவைச் சுற்றித்தான் இருக்கிறது. நான் போயிருந்தது இலையுதிர் காலம். ஒக்டோபர் 31க்கு முந்திய சனிக்கிழமை, அவர்களுடைய பங்கில் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கும் நிகழ்ச்சி. வீடு வீடாகப் போவதில்லை. கார்களை வரிசையாகப் பின்பக்கம் காட்டி நிறுத்தி, டிக்கியைத் திறந்து, அதற்குள் ஒரு காட்சி சோடிக்க வேண்டும். பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு டிக்கி டிக்கியாக வந்து வாங்கிப்போவார்கள்.

மகள் வீட்டில் ஒரு கிழமையாக இதே வேலை. என் மருமகன் டிக்கியின் மேல் விளிம்பில் காட்போட் மட்டையில் வெட்டிய வெள்ளைப் பற்களை ஒட்டினார். கீழ் விளிம்பில் இன்னொரு வரிசை. நடுவில் சிவப்புக் கம்பளம், நாக்கு. கண்ணாடியில் இரண்டு பெரிய கண். இனிப்பு வேண்டுமென்றால் பிள்ளை அந்த வாய்க்குள் கையை விட வேண்டும். பக்கத்துக் காரில் பஞ்சைப் பிய்த்துச் சிலந்திவலை. அதற்கடுத்த காரில் ஒரு சேமக்காலையே இருந்தது: சாம்பல் பூசிய மட்டைக் கல்லறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பகிடிப் பெயர், மின்கலத்தில் எரியும் மெழுகுதிரி. பேத்தி என்னிடம் கேட்டாள்: “அம்மம்மா, நீங்க என்ன வேசம் போடப்போறீங்க?” கிழவி வேசம், எப்பவோ போட்டாயிற்று என்றேன்.

அந்த மட்டைக் கல்லறைகளைத்தான் நான் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்களுக்கும் அது கல்லறைக் காலம்தான். நவம்பர் 1 சகல புனிதர்களின் திருநாள், நவம்பர் 2 மரித்த விசுவாசிகளின் நினைவு. ஊரில் அந்த நாட்களில் சேமக்காலையில் புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளை அடித்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்துவோம். மாரி மழை அநேகமாக அன்றைக்கென்றே பெய்யும். திரி அணையாமல் இருக்கச் சிரட்டைக்குள் வைத்து, ஒரு கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு செபம் சொல்வோம். மரித்தவர்களை நினைக்கும் அந்த நாளை, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பிரான்சில் க்ளூனி மடத்து அதிபராயிருந்த புனித ஓடிலோ தம் மடங்களில் தொடங்கிவைத்தார். பிறகு அது திருச்சபை எங்கும் பரவியது. சகல புனிதர்களின் திருநாளுக்கு முந்திய இரவுதான் இன்றைக்கு ஹலோவீன்.

இது பேய்க் கூத்து, கிறிஸ்தவர்களுக்கு ஆகாது என்று சொல்பவர்கள் உண்டு. அந்தத் தரிப்பிடத்திலும் ஒருவர் என்னிடம் அதைச் சொன்னார், சொல்லிக்கொண்டே ஒரு சொக்கலேற்றை உரித்தார். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பழைய காலத்தில் ஏழைகளும் பிள்ளைகளும் இந்த நாட்களில் வீடு வீடாகப் போவார்கள். வீட்டார் சின்னச் சின்னக் கேக் சுட்டுக் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் அந்த வீட்டில் இறந்தவர்களின் ஆன்மாவுக்காக மன்றாடுவார்கள். வாசலில் நிற்கிற பிள்ளைக்கு இனிப்புக் கொடுக்கிற வழக்கத்தின் வேர்களில் ஒன்று அது. இறந்தவருக்கு நேரே எதையும் கொடுக்க முடியாது. ஆகவே வழியில் வருகிற யாரோ ஒருவருக்குக் கொடுப்பது. அது போய்ச் சேரும் என்று நம்புவது.

எங்கள் வீதிகளில் இதே நம்பிக்கை கல்லாக நின்றது. சுமைதாங்கியைச் சொல்கிறேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நாட்டுவார்கள். சுமையை இறக்காமல் போனவளின் பேரால், தலைச்சுமையோடு வருகிற எவரோ ஒருவர் தன் சுமையை அதில் இறக்கிவைப்பார். அவர் யார், எந்த ஊர், என்ன சமயம் என்று கல் கேட்காது. இறந்தவர்களுக்கான கடனை முன்பின் தெரியாதவரிடம் கட்டுவது என்ற விஷயத்தில் இங்கிலாந்துக் கிழவியும் எங்கள் ஊர்க் கிழவியும் ஒரே கணக்கைத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கேக், இனிப்பாகி, பிளாஸ்ரிக் உறைக்குள் போய், இறந்தவர் மறந்துபோய், மட்டைக் கல்லறை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதற்காக நான் அழவில்லை. சடங்கு தேய்வது புதிதல்ல. வாங்க வருகிறவர் தேய்ந்துபோனாரா என்பதுதான் என் கேள்வி.

வீட்டு வாசலை விட்டு ஏன் டிக்கிக்கு வந்தார்கள்? அமெரிக்காவில் 1990களில் தேவாலயங்களின் தரிப்பிடங்களில் தொடங்கிய பழக்கம் இது, காரணம் பயம். தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுகிற பிள்ளைக்கு யாரும் நஞ்சைக் கொடுத்துவிடுவார்களோ, ஊசியை வைத்துவிடுவார்களோ என்ற பயம். 1974இல் டெக்சஸ் மாநிலத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் ஹலோவீன் இனிப்பில் இருந்த சயனைட்டால் இறந்தான். நஞ்சைக் கலந்தவன் அந்நியன் அல்லன். காப்புறுதிப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனுடைய சொந்தத் தகப்பன். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1980களிலிருந்து இப்படியான செய்திகளைத் துருவிப் பார்த்து வந்திருக்கிறார். தெரியாத வீட்டார் கொடுத்த இனிப்பால் ஒரு பிள்ளை செத்தது என்பதற்கு உறுதியான சம்பவம் ஒன்றும் அவருக்கு அகப்படவில்லை. அந்த இரவில் பிள்ளைகளுக்கு உண்மையான ஆபத்து வீதியில் ஓடும் வாகனம். அந்த வகையில் வாகனங்களையெல்லாம் நிறுத்தி, சாவியைக் கழற்றி, டிக்கியைத் திறந்துவைப்பது தற்செயலாகச் சரியான மருந்தாகிவிட்டது.

ஆனாலும் அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். வேடத்தில் வந்தவரை ஏன், எவர் என்று கேட்காமல் ஏற்பது எங்கள் சமயங்களில் பெரிய தர்மமாக வளர்ந்தது. ஆபிரகாம் கூடார வாசலில் மூன்று வழிப்போக்கரை ஓடிப்போய் வரவேற்கிறான். வந்தது யார் என்பது பிறகுதான் தெரிகிறது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நியாயத்தீர்ப்பு நாளில் நீதிமான்களே திகைக்கிறார்கள்: உமக்கு எப்போது ஆண்டவரே சோறு போட்டோம்? சைவத்தில் அடியார் வேடத்தில் இறைவன் வராத கதையே குறைவு. அந்தத் தர்மத்துக்கு என்ன விலை என்பதை மறைக்காமல் சொன்னது பெரியபுராணம். மெய்ப்பொருள் நாயனாரை வெல்ல முடியாத பகைவன் முத்தநாதன், திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை ஒளித்துக்கொண்டு வருகிறான். வேடத்தைக் கண்டு நாயனார் தனியறையில் வணங்குகிறார். கத்தி பாய்கிறது. வாளோடு ஓடிவந்த காவலன் தத்தனைத் தடுத்து, இவர் எம்மவர், பத்திரமாக ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடு என்கிறார் உயிர் போகும் நேரத்தில்.

எங்கள் பக்கத்து வீட்டுச் சைவ மாமி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அழுவார். எனக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் நாயனார் பணயம் வைத்தது தன் உயிரை. தன் பிள்ளையைப் பணயம் வைத்திருந்தால் அந்தக் கதையை நாங்கள் இதே குரலில் சொல்லுவோமா? பெரியபுராணத்திலேயே பிள்ளையைக் கொடுத்த கதையும் இருக்கிறது என்பது தெரியும். அதை வாசிக்கும்போது நெஞ்சு வேறு விதமாகத்தான் அடிக்கும். பழைய கதைகளில் ஆபத்து கதவைத் திறக்கிறவனுக்கு. ஹலோவீனில் ஆபத்து கதவைத் தட்டுகிற பிள்ளைக்கு. தன் கதவைத் திறந்துவைக்க ஒருவனுக்கு உரிமை உண்டு. தன் பிள்ளையைக் கண்ட கதவெல்லாம் தட்ட அனுப்பும் கடமை ஒரு தாய்க்கு இல்லை. ஆகவே டிக்கிக்காரரைக் கோழைகள் என்று சொல்ல நான் தயாரில்லை.

அதோடு, வீட்டுக்கும் வீதிக்கும் நடுவே ஓர் இடம் கட்டி அங்கே வைத்துக் கொடுப்பது எங்களுக்குப் புதிதா? யாழ்ப்பாணத்து வேலியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கிடுகு வேலி, பனையோலை வேலி, நெடுந்தீவில் கல்லடுக்கிய வேலி. வீட்டின் முகம் வெளியாருக்குத் தெரியக்கூடாது என்று ஆளுயரத்துக்கு அடைத்த சமூகம் இது. அதே சமூகம்தான் சங்கடப்படலையையும் கட்டியது. படலைக்கு மேலே ஒரு சின்னக் கூரை, இரு பக்கமும் இருக்க இடம், குடிக்க ஒரு பானை தண்ணீர். வெயிலில், மழையில் வீதியால் போகிறவர் அதில் ஒதுங்கலாம், இருக்கலாம், குடிக்கலாம். வீட்டாரைக் கூப்பிடவும் வேண்டாம், அனுமதி கேட்கவும் வேண்டாம். வீட்டுக்காரர் உள்ளே தன் பாட்டில் இருப்பார். தெருமடமும் கேணியும் தண்ணீர்ப் பந்தலும் இதே இனம். ஆனி மாதத்தில் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகிற சனத்துக்கு வழி நெடுகப் பந்தல் போட்டு, மோரும் சர்க்கரைத் தண்ணீரும் ஊற்றுவார்கள். ஒருவர் குடித்து முடிக்குமுன் அடுத்தவர் கை நீளும்.

இவ்வளவும் பெருமையாகச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் அது பொய். பந்தலில் எல்லாக் கைக்கும் ஒரே செம்பு வரவில்லை. சாதியால் ஒதுக்கிவைத்த சிலருக்கு எட்ட நின்று, கையேந்தவைத்து, மேலிருந்து ஊற்றினார்கள். சிலருக்குப் பனையோலைப் பிளாவில், குடித்த பிறகு எறிந்துவிடும்படி. தேநீர்க் கடைகளில் அவர்களுக்கென்று தனிப் போத்தல், தனிப் பேணி இருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாங்கு என்று சம ஆசனத்துக்காக 1930ஆம் ஆண்டளவில் போராட வேண்டியிருந்தது. மாவிட்டபுரத்தில் கோயில் கதவுக்காக 1968இல் சனம் அடிபட்டது. எங்கள் தேவாலயங்களும் இதற்கு விலக்கல்ல. யார் எந்தப் பக்கம் இருப்பது என்பதைப் பூசைப் புத்தகம் சொல்லவில்லை, ஊர் சொன்னது. வெளியே வைத்துக் கொடுப்பது சிலவேளை விருந்தோம்பல். சிலவேளை, உள்ளே விடாமல் இருப்பதற்குச் சொல்லும் நாகரிகமான காரணம். இரண்டுக்கும் கட்டடம் ஒன்றுதான்.

அப்படியென்றால் வாசலா டிக்கியா என்று வாதாடுவதில் பயனில்லை. யார் அதுவரை வந்து சேர முடிகிறது என்று பார்க்க வேண்டும். சங்கடப்படலை வீதியோரம் இருந்தது. நடக்கிற எவரும் அதற்கு வரலாம். தரிப்பிடம் அப்படியா? வேலி போட்டு, அறிவித்தல் கொடுத்து, தெரிந்தவருடைய பிள்ளைகள் மட்டும் வந்தால், என் இனிப்பு உன் பிள்ளைக்கு, உன் இனிப்பு என் பிள்ளைக்கு. அது கொடுப்பதல்ல, பண்டமாற்று. இதைத்தான் மகளிடம் சொன்னேன். டிக்கியைத் திறக்கிறதென்றால் வீட்டுக்கு முன்னால் வீதியில் நிறுத்தித் திறவன் பிள்ளை என்றேன்.

அவள் சிரித்தாள். “அம்மா, உந்த றோட்டிலை ஆர் நடக்கினம்? பக்கத்து வீட்டுக்காரரை நான் காணுறதே கராஜ் கதவு திறக்கேக்கைதான்.” பிறகு தரிப்பிடத்துக்குப் பின்னால் தெரிந்த இரண்டு உயரமான தொடர்மாடிகளைக் காட்டினாள். “அங்கை இருக்கிற பிள்ளையள் எந்தக் கதவைத் தட்டுறது? கீழை பூட்டு, லிப்டுக்குப் பூட்டு. அதுகள் இஞ்சைதான் வருங்கள், பாருங்கோ.”

வந்தார்கள். தொப்பி வைத்த சூனியக்காரிகள், சிலந்தி மனிதர்கள், முக்காட்டுக்கு மேலே பூனைக்காது வைத்த ஒரு சின்னப் பெண், தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்துப் பூசணிக்காய் ஆக்கிக் கொண்டுவந்த அக்கா. அரைவாசிப் பேரை அந்தப் பங்கில் ஒருவருக்கும் தெரியாது. அப்போது ஒரு பையன் வந்தான். பதினான்கு, பதினைந்து வயதிருக்கும், என் மருமகன் உயரம். வேடம் கிடையாது, பள்ளிக்கூடத்து ஜக்கற். கையில் ஒரு தலையணை உறை. பக்கத்துக் காரில் நின்றவர் அவனை மேலும் கீழும் பார்த்து, நீ என்ன வேசம் என்று கேட்டார். பகிடியாகத்தான் கேட்டார், ஆனால் கை இனிப்புப் பெட்டியின் மூடியில் இருந்தது. பையன் பதில் சொல்லாமல் எங்கள் டிக்கிக்கு வந்தான். என் பேத்திக்கு ஏழு வயது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்து, “வாய்க்குள்ளை கை விடுங்க, கடிக்காது” என்றாள். அவன் குனிந்து, மட்டைப் பல் முதுகில் உரச, கையை விட்டு இரண்டு எடுத்தான். இன்னும் எடுக்கலாம் என்றாள் அவள்.

வேடத்தோடு வருகிறவருக்குக் கொடுப்பது சுகம். வேடம் எங்களுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிடுகிறது: அவர் பேய், நான் வள்ளல். வேடம் இல்லாமல், வயது தாண்டி, என்னத்துக்கு வந்தாய் என்று கேட்கத் தோன்றுகிற உருவத்தில் ஒருவர் வந்து கை நீட்டும்போதுதான் கொடுக்கிறவரின் சரக்கு தெரியவரும். அடியார் வேடத்துக்கு வணங்கும் தர்மத்தின் மறுபக்கம் இது. வேடம் இல்லாதவருக்கு அந்தத் தர்மம் என்ன செய்யும் என்று பழைய கதைகள் அதிகம் பேசவில்லை.

ஊர் திரும்பிய பிறகு எனக்கு வேறொரு பக்கம் வெளித்தது. கரம்பொன்னில் எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் கூட. 1990இல் போரால் தீவுகளை விட்டு ஓடியவர்களில் பலர் யாழ்ப்பாணத்தோடும் நிற்கவில்லை, கொழும்போடும் நிற்கவில்லை. நத்தாருக்குப் பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் கொக்கிசும் சுட்டு, சைவ வீடுகளுக்குத் தட்டில் வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். ஆடிப்பிறப்புக்கு அங்கேயிருந்து கூழும் கொழுக்கட்டையும் வரும். முன்பு தட்டைக் கொண்டுபோகப் பிள்ளைகள் அடிபடுவார்கள். ஏனென்றால் தட்டு வெறுமையாகத் திரும்பாது, இரண்டு கொழுக்கட்டையாவது வழியில் காணாமல் போகும். இப்போது சுடுகிற கை இருக்கிறது, மா இருக்கிறது, தட்டு இருக்கிறது. ஓடுகிற பிள்ளைதான் இல்லை. ஆபுத்திரன் பாத்திரத்தை ஏன் பொய்கையில் விட்டான் என்பது எங்கள் தீவுக்காரருக்கு உரை இல்லாமல் விளங்கும்.

அங்கே ஸ்காபரோவில் டிக்கிக்குப் பல் ஒட்டுவதும் ஒருவகை யாசகம்தான் என்று இப்போது நினைக்கிறேன். என் காருக்கு வா, மற்றக் காரைவிட என்னுடையது வடிவு, என்னிடம் வாங்கு. சோடிப்பது கொடுக்கிறவரின் கையேந்தல். மணிமேகலை அமுதசுரபியை எடுத்த உடனே ஊருக்குச் சோறு போட்டுவிடவில்லை. அந்தப் பாத்திரத்தோடு முதலில் ஆதிரை என்ற பெண்ணின் வாசலில் போய் நின்று பிச்சை வாங்க வேண்டியிருந்தது. வாங்கிய பிறகுதான் அது வற்றாத பாத்திரம். கொடுக்கப் போகிறவர் முதலில் வாங்கப் பழக வேண்டும் என்று சாத்தனார் வைத்த ஒழுங்கு அது. எங்களுக்கு மிகக் கடினமான பாடமும் அதுதான். யாழ்ப்பாணத்துக்காரருக்குக் கொடுக்கத் தெரியும். கணக்கு வைத்துக் கொடுப்போம், மொய் எழுதிக் கொடுப்போம். வாங்குவதென்றால் முகம் சுருங்கும்.

ஒரு வெசாக் நாள் குறிகட்டுவான் பஸ்சில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் படைச் சீருடைப் பையன்கள் தன்சல், அதுதான் அவர்களுடைய தண்ணீர்ப் பந்தல், போட்டிருந்தார்கள். கடதாசிக் கூடுகள் தொங்கவிட்ட தகரக் கொட்டில், ஒரு பெரிய வாளியில் சிவப்புச் சர்பத். பஸ்சை மறித்து யன்னலால் கோப்பைகளை நீட்டினார்கள். பஸ்சுக்குள் இருந்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சீருடையோடு ஒவ்வொரு கதை இருக்கும். சிலர் மற்றப் பக்கம் கடலைப் பார்த்தார்கள். ஒரு பையன், இருபது வயது இராது, தெரிந்த தமிழில் “அம்மா, குடிங்க” என்று என் பக்கத்திலிருந்த கிழவியிடம் நீட்டினான். அவர் சீலைத் தலைப்பில் கையைத் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கி, முழுவதையும் குடித்து, கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். பஸ் வெளிக்கிட்ட பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்: “பொடியன் நீட்டிக்கொண்டு நிக்கிறான். நாங்கள் வேண்டாட்டி அவன் அதை என்ன செய்யிறது?”

அந்தக் கிழவி ஒன்றையும் மன்னிக்கவுமில்லை, மறக்கவுமில்லை. அவற்றைப் பற்றி அவர் பேசவே இல்லை. நீட்டிய கையை வெறுங்கையாக விடவில்லை, அவ்வளவுதான். ஆபுத்திரனுக்குக் கிடைக்காத ஒன்றை அந்தப் பையனுக்குக் கொடுத்தார். பெற்றுக்கொள்வதைக் கொடைக்குக் கீழான இடத்தில் வைத்து எவ்வளவோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த வரிசை எனக்குச் சரியாகப் படவில்லை. கொடுப்பவர் வாங்குகிறவரைத் தெரிந்தெடுக்கும்வரை அது தன் வீட்டுக் காரியம். வாங்குகிறவர் தானாக வந்து சேரும்போது, அல்லது வாங்க விரும்பாதவர் கையை நீட்டி வாங்கும்போது, அது சமயமாகிறது. வாசலோ பந்தலோ டிக்கியோ, அதற்கு இடம் விட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

மார்கழி வருகிறது. எங்கள் பக்கத்துப் பங்குகளில் கரோல் போகும் காலம். உழவு இயந்திரத்துப் பெட்டியில் மாட்டுத்தொழுவம் சோடித்து, மின்குமிழ் சுற்றி, ஜெனரேற்றர் இரைய, முகமூடி போட்ட நத்தார்த் தாத்தா ரொபி எறிந்துகொண்டு வருவார். ஸ்காபரோ டிக்கிக்கு இது மூத்த தமையன். பயந்து அழுகிற பிள்ளைகள் உட்பட எல்லாம் ஒன்றுதான். எங்கே எங்கே நிற்பது என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது: அன்பளிப்புத் தருகிற வீடுகள், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிறவர்களின் வீடுகள். எரிபொருள் விற்கிற விலையில் பட்டியல் தேவைதான் என்கிறார்கள் இளைஞர்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

நான் கேட்பது ஒன்றுதான். பட்டியலில் இல்லாத படலை ஒன்றிலும் வண்டி நிற்க வேண்டும். காசு தராத வீடாக இருக்கலாம். போன வருடம் கோபித்துக்கொண்டு பூசைக்கு வராமல் விட்டவரின் வீடாக இருக்கலாம். சைவ வீடாக இருக்கலாம். படை முகாம் வாசலாகக்கூட இருக்கலாம். கடைசியாகச் சொன்னதற்குப் பங்குக் கூட்டத்தில் இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அதற்குக் காரணம் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குப் பிடித்த படலைகளில் மட்டும் நின்று பாடிவிட்டு வருவதென்றால் அதற்குப் பாலன் பிறப்பு எதற்கு, ஊர்வலமே போதும். எந்தப் படலை என்பதைப் பங்குச் சபை தீர்மானிக்கட்டும். அன்றைக்குப் பெட்டியில் ஏறி ரொபி கொடுக்க ஆள் இல்லையென்றால் நான் ஏறுகிறேன், முகமூடிகூடத் தேவைப்படாது.